பாட்டி வைத்தியமும் தாத்தாவின் கிளாரினெட்டும்

வாயில் வைக்கிற சாமானா? வெந்நீரில் போடு. பளபளக்க வேண்டுமா? புளி போட்டுத் தேய். மரமா? எண்ணெய் தடவு. ஈரமா? வெயிலில் வை.

நம் வீட்டுச் சாமான்களைப் பாதுகாக்கும் சாஸ்திரம் முழுவதும் இந்த நான்கு வாக்கியங்களில் அடங்கிவிடும் அல்லவா? பாட்டி காலத்திலிருந்து வந்த சாஸ்திரம்; பொய்க்காத சாஸ்திரம். ஆனால், சகோதரிகளே, இந்த நான்கு வைத்தியங்களுக்கும் உயிரை விட்டுவிடக்கூடிய சாமான் ஒன்று உண்டு. அதுதான் கிளாரினெட். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான்கையும் ஒரே நாள் காலையில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்!

எங்கள் தாத்தா வீடு புதுச்சேரியில் உப்பளத்தில் இருந்தது. கல்யாண ஊர்வலம், வில்லியனூர் மாதா தேர், அடக்கம் என்று எங்கே பாண்டு போனாலும் தாத்தா அதில் கிளாரினெட் வாசிப்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். புதுச்சேரி 1954 நவம்பர் முதல் தேதி இந்திய நிர்வாகத்துக்கு வந்து சில வருஷங்கள் கழித்து, அப்படி ஒரு சொல்தாவிடம் தவணை முறையில் பணம் கொடுத்து வாங்கிய வாத்தியம் அது. வீட்டில் எதைத் தொட்டாலும் திட்டாத மனிதர், அந்தக் கறுப்புப் பெட்டியைத் தொட்டால் மட்டும் தொண்டையைக் கனைப்பார்.

எனக்கு அப்போது பத்து வயது. கத்தரி வெயில் காலம். முதல் நாள் இரவு ஊர்வலத்தில் வாசித்துவிட்டு நடுநிசிக்குமேல் வந்த தாத்தாவுக்கு நல்ல காய்ச்சல். என்றும் இல்லாத வழக்கமாக வாத்தியத்தைத் துடைக்காமல் பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் நான் பெட்டியைத் திறந்தேன். ஈரத்துணி வாடை அடித்தது. “பாட்டி, தாத்தா வாத்தியம் நாறுது. சுத்தம் பண்ணட்டுமா?” என்றேன். பாட்டி மொட்டை மாடிக்கு வடக உருண்டைகளை எடுத்துக்கொண்டு போகும் அவசரத்தில் இருந்தாள். “பண்ணு பாப்பா. தாத்தா எழுந்து பார்த்தா சந்தோஷப்படுவாரு” என்றாள்.

பண்ணினேன். வாயில் வைக்கும் பகுதியைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டேன். வெள்ளிபோல் மின்ன வேண்டிய கீக்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். கறுப்பு மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவினேன். பிறகு எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோய், வடக உருண்டைகளுக்குப் பக்கத்தில் பழைய புடவை ஒன்றை விரித்துக் காயவைத்தேன்.

பத்து மணி சுமாருக்கு ‘டக்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்டது. முறம் ஏதோ சரிந்தது என்று நினைத்துக்கொண்டேன். சரிந்தது முறம் அல்ல. கிளாரினெட்டின் மேல் பாகத்தில், முதல் துவாரத்தின் வழியாக, இரண்டு அங்குல நீளத்துக்கு மரம் விரிந்திருந்தது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்றாம் நாள் தாத்தாவின் கூட்டாளி ஒருவர் காலமானார். நாற்பது வருஷம் தாத்தாவுக்குப் பக்கத்தில் நின்று டிரம்பெட் வாசித்தவர். உப்பளம் கல்லறை வரை பாண்டு வாசித்துக்கொண்டு போயிற்று. தாத்தா மட்டும் காய்ச்சல் உடம்போடு, வெறும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசையில் தம் இடத்தில் நடந்தார். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். “நீ சோம்பேறித்தனத்துல கெடுக்கல பாப்பா. ஆசையிலதான் கெடுத்த. அதனால ஒனக்குச் சொல்லிக் கொடுத்தா வீணாப் போகாது” என்று சொல்லி, தம்முடைய கைக்குட்டையை என் கையில் கொடுத்தார். அன்று அவர் சொல்லிக் கொடுத்ததையும், பின்னால் வாத்தியம் பழுது பார்க்கிறவர்களிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி

“எங்கள் வீட்டில் கிளாரினெட் ஏது?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பள்ளிக்கூட பாண்டில் சேர்ந்திருக்கும் பையன், மேற்கத்திய சங்கீதம் கற்றுக்கொள்ளும் பெண், பரணில் பெட்டியை வைத்துவிட்டுக் காலமான மாமனார் - யார் மூலமாவது இது நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

அந்நிய வாத்தியம் என்று ஒதுக்கவும் முடியாது. ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தில் 1700-ஆம் வருஷத்தை ஒட்டி டென்னர் என்பவர் செய்த வாத்தியம்தான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது தஞ்சாவூருக்கு வந்துவிட்டது. சதிர்க் கச்சேரியில் முகவீணை இருந்த இடத்தில் கிளாரினெட்டைக் கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார் என்று சொல்வார்கள். பாலசரஸ்வதி அம்மையாரின் நாட்டியத்துக்குப் பக்கத்தில் ஒலித்ததும் இதே வாத்தியந்தான். கர்நாடக சங்கீதத்தில் இதைக் கச்சேரி வாத்தியமாகவே உயர்த்திய திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008-ல் சென்னை மியூசிக் அகாடமி ‘சங்கீத கலாநிதி’ பட்டம் அளித்தது; 2022-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. இத்தனை காலம் நம்மோடு இருந்த பிறகு இதை விருந்தாளி என்று சொல்வதுகூடத் தப்பு. உறவுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சற்றுத் தேக அசௌக்கியம் உள்ள உறவுக்காரர்!

ஐந்து துண்டுகள்

கிளாரினெட்டைப் பிரித்தால் ஐந்து துண்டுகள் வரும். உதட்டில் வைக்கும் ஊதுமுனை. அதற்குக் கீழே குட்டிப் பீப்பாய் போன்ற ஒரு வளையம். கீக்கள் நிறைந்த மேல் பாகம். அதே மாதிரி கீழ்ப் பாகம். கடைசியில் ஊமத்தம்பூப் போல விரிந்த வாய். ஊதுமுனையின்மேல் ஒரு சீவாளி. நாகஸ்வரத்துக்கு இருப்பதுபோல இரட்டைச் சீவாளி அல்ல; ஒற்றைப் பட்டை. அதை ஒரு வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும். இன்று அதிகமாகப் புழங்கும் வகையின் கீ அமைப்பு 1839-ல் பாரிஸ் கண்காட்சியில் முதலில் வைக்கப்பட்டது. அதில் 17 கீக்கள் உண்டு. ஒவ்வொரு கீயின் அடியிலும், மெல்லிய சவ்வோ தோலோ போர்த்திய சின்னக் கம்பளித் தட்டு ஒன்று துவாரத்தை மூடிக்கொண்டிருக்கும். ‘பேடு’ என்பார்கள். கீயைத் திரும்ப எழுப்புவது ஊசிபோன்ற எஃகு ஸ்பிரிங். துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் கார்க்.

மரம், எஃகு, கம்பளி, கார்க், ரப்பர், நாணல் - ஆறு விதமான பொருள்கள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு விஷம். நான் செய்த தப்பு இந்த இடத்தில்தான்.

வெயில் ஏன் ஆகாது?

நல்ல கிளாரினெட் செய்யும் கறுப்பு மரம் கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா, மொசாம்பிக் பக்கங்களிலிருந்து வருகிறது. நம் ஈட்டி மரத்தின் பங்காளி. தண்ணீரில் போட்டால் மிதக்காது, மூழ்கிவிடும். அவ்வளவு கனம், அவ்வளவு நெருக்கமான நார். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள் பழைய வீடுகளின் தூணும் உத்தரமுமாக இருந்து காய்ந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்களே, அதன் காரணமும் இதுதான். சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த மரம் வேண்டும். அந்த நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கிளாரினெட்டை வாசிக்கும்போது நம் மூச்சின் ஈரம் உள் சுவரில் நீராகப் படிகிறது. குளிர்ந்த செம்பின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல இதற்கு உட்புறம் வேர்க்கும். உள்பக்கத்து மரம் ஈரத்தைக் குடித்து விரியும். வெளிப்பக்கம் காய்ந்தே இருக்கும். உள்ளே ஒருவன் தள்ள, வெளியே ஒருவன் இழுக்க, நடுவில் மரம் எவ்வளவு நேரம் தாங்கும்? நானோ ராத்திரி முழுவதும் ஈரத்தில் ஊறியதைக் கத்தரி வெயிலில் வைத்தேன்! வெளிப்பக்கம் இன்னும் சுருங்கிற்று. ‘டக்’ என்ற அந்தச் சத்தத்தின் காரணம் இதுதான்.

ஆகவே வெயிலில் வைக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது. ஏ.சி. அறையிலிருந்து எடுத்து அப்படியே வெளி அனலில் வாசிக்கவும் கூடாது. பெட்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்து வெளிச் சூட்டுக்குப் பழகட்டும். புது மர வாத்தியம் வாங்கினால் முதல் சில வாரங்கள் தினம் பதினைந்து இருபது நிமிஷத்துக்கு மேல் வாசிக்க வேண்டாம். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

கைக்குட்டை வைத்தியம்

உள்ளே இருக்கும் ஈரத்தை எப்படி எடுப்பது? தாத்தாவின் கைக்குட்டை அதற்குத்தான். நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன மல் வேட்டித் துண்டு. அல்லது ஜரிகை இல்லாத பழைய பட்டுத் துணி. நூல் பிரிந்து உள்ளே ஒட்டாதபடி நாலு ஓரமும் மடித்துத் தைத்திருக்க வேண்டும். ஒரு மூலையில் நீளமான உறுதியான கயிறு. கயிற்றின் நுனியில் துணி சுற்றிய சின்னக் கனம். கனத்தைக் குழாயின் ஒரு பக்கம் விட்டு, மறு பக்கம் கயிற்றைப் பிடித்து நிதானமாக இழுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேல் பாகத்தின் உள்ளே, மேல் நுனிக்குச் சற்றுக் கீழே, சின்னக் குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். துணி சுருண்டோ முடிச்சு விழுந்தோ போனால் அதில் மாட்டிக்கொள்ளும். ஆகவே துணியை நன்றாக விரித்து, கீழ் முனையிலிருந்து மேல்நோக்கி இழுங்கள். மாட்டிக்கொண்டதாகத் தோன்றினால் பலத்தைக் காட்டாதீர்கள். வந்த வழியே பின்னுக்கு இழுங்கள். அப்படியும் வராவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். கம்பியோ கத்தரிக்கோலோ உள்ளே விட வேண்டாம்.

துண்டுகள் சேரும் இடங்களில் தங்கியிருக்கும் ஈரத்தையும் துணி நுனியால் ஒற்றி எடுங்கள். வாசித்து முடித்த உடனே செய்ய வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. எத்தனை களைப்பானாலும், எத்தனை மணி ஆனாலும். தாத்தா தவறவிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு ராத்திரிதான். மீதியைத்தான் நான் பார்த்துக்கொண்டேனே!

துடைத்த துணியை மறுபடி பெட்டிக்குள் திணிக்காதீர்கள். எடுத்த ஈரத்தைத் திருப்பிக் கொடுத்ததுபோல ஆகும். வெளியே கொடியில் காயட்டும். வெயில் துணிக்கு நல்லது.

வெந்நீர் ஏன் ஆகாது?

ஊதுமுனை மரம் அல்ல; பெரும்பாலும் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். எபோனைட் என்பார்கள். கொதிநீர் பட்டால் அதன் கறுப்பு மாறிப் பச்சையும் பழுப்புமாகிவிடும். தீக்குச்சி வாடை அடிக்கும். நான் பயந்துபோய் அதைப் புடவைக்கடியில் ஒளித்துவைத்தது ஞாபகம் வருகிறது. நிறம் போனால் போகிறது. சூட்டில் வடிவமே வளைந்துவிடலாம். சீவாளி உட்காரும் அந்தச் சரிவு மயிரிழை மாறினாலும் நாதம் கெட்டுப்போகும்.

சாதாரணத் தண்ணீரும் துளி மிருதுவான சோப்பும் போதும். வாரம் ஒரு தடவை விரலால் மெல்லத் தேய்த்துக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, நிழலில் வையுங்கள். கார்க் நனையக் கூடாது. நாளானால் உள்ளே எச்சிலின் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். காடியில் சமபங்கு தண்ணீர் கலந்து, பஞ்சில் தோய்த்து அந்த இடத்தில் மட்டும் சில நிமிஷம் வைத்துக் கழுவினால் போய்விடும். சுரண்டக் கூடாது.

சீவாளியை வாசித்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும். அது தெற்குப் பிரான்ஸில் விளையும் ஒரு வகை நாணல். நம் காவிரிக் கரை நாணலில் திருவாவடுதுறைக்காரர்கள் நாகஸ்வரச் சீவாளி செய்கிறார்களே, அதுபோலத்தான். ஊதுமுனையிலேயே விட்டால் ஒரே வாரத்தில் பூசணம் பிடிக்கும். அடியிலிருந்து நுனிநோக்கித் துடைத்து, தட்டையான சீவாளிப் பெட்டியில் வையுங்கள். மூன்று நான்கு சீவாளிகளை முறைபோட்டு உபயோகித்தால் ஒவ்வொன்றும் காய நேரம் கிடைக்கும். அண்ணன் சீவாளியைத் தம்பி வாயில் வைப்பது கூடவே கூடாது.

பூசணம் என்று சாதாரணமாக நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் தினந்தோறும் பைக்குழல் வாசித்த 61 வயதுக்காரர் ஒருவருக்குப் பல வருஷமாக வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் இருந்தன. மூன்று மாதம் ஆஸ்திரேலியா போயிருந்தபோது மட்டும் குறைந்தன. வாத்தியத்தை அவர் ஊரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்! பிறகு அந்தப் பைக்குழலைச் சோதித்தபோது உள்ளே பலவிதப் பூசணங்கள் இருந்தன. பாவம், அவர் 2014-ல் இறந்துபோனார். ‘தோராக்ஸ்’ என்ற மருத்துவப் பத்திரிகையில் 2016-ல் இந்த விவரம் வந்தது. இது அபூர்வமாக நடக்கிற விஷயம்தான். ஆனாலும் ஊதுகிற குழந்தை, மூச்சை உள்ளே இழுக்கவும் செய்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

வாசிப்பதற்கு முன் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கல்யாண வீட்டு லட்டும் காப்பியும் சர்க்கரைப் பாகாகிக் குழாய்க்குள் இறங்கினால் பேடுகள் பிசுபிசுத்து ஒட்டும். கீயை எடுக்கும்போது ‘பிசுக்’ என்று சத்தம் வரும். அப்போது சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதத்தை, கோந்து இல்லாத பக்கமாக, பேடுக்கடியில் வைத்து மெல்ல அழுத்தி எடுங்கள். பிசுக்கைக் காகிதம் எடுத்துக்கொள்ளும். முகப்பவுடர் போடுகிறவர்கள் உண்டு. அது நாளடைவில் மாவாகப் பிசைந்துகொள்ளும், வேண்டாம்.

புளியும் எண்ணெயும்

உப்பளம் என்ற பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடற்காற்றில் ஜன்னல் கம்பி என்ன பாடு படுகிறது என்று கடலோர ஊர்ச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளாரினெட்டின் ஊசி ஸ்பிரிங்குகளுக்கும் அதே கதிதான். அதிலே புளித் தண்ணீரையும் ஊற்றினால் கேட்பானேன்? நான் தேய்த்த ஒரு வாரத்துக்குள் இரண்டு ஸ்பிரிங்குகள் துருப்பிடித்து ஒடிந்தன. கீக்களில் இருப்பது மெல்லிய வெள்ளி அல்லது நிக்கல் முலாம். புளி, விபூதி, கடையில் விற்கும் பளபளப்புப் பசை எதுவும் வேண்டாம். அவை முலாமைத் தின்பதோடு, சந்துகளில் புகுந்து பேடுகளையும் கெடுக்கும். வாசித்த பின் கை வேர்வையும் உப்புக் காற்றும் போக, உலர்ந்த மெல்லிய துணியால் கீக்களை ஒற்றித் துடைத்தால் போதும். வெள்ளி சற்றுக் கறுத்தால் கறுக்கட்டும். நாதம் கறுக்காது.

தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். பேடில் பட்டால் அந்தப் பேடு அவ்வளவுதான். கீ திருகும் முனைகளுக்கு இதற்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை, ஊசி நுனியில் ஒரு சொட்டு எடுத்து, சில மாதங்களுக்கு ஒரு தடவை வைக்கலாம். குழாயின் உள் சுவருக்கு எண்ணெய் விடுவதில் வித்துவான்களுக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் உண்டு. பழுது பார்ப்பவரைக் கேட்காமல் நாமாகச் செய்ய வேண்டாம். கார்க்குக்கு மட்டும் அதற்கான மசகைச் சிறிது தடவினால் துண்டுகள் முறுக்காமல் சேரும். சேர்க்கும்போது கீக்களைப் பிடித்துத் திருகக் கூடாது. மேல் பாகத்தையும் கீழ்ப் பாகத்தையும் இணைக்கும் பாலம் போன்ற கீயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்ல முன்னும் பின்னுமாக அசைத்து நுழைக்க வேண்டும்.

பெட்டியையும் பாருங்கள். கம்பளியைத் தின்னும் சின்னப் பூச்சிகள் பேடுகளையும் தின்னும். திறக்காத பெட்டிதான் அவற்றுக்குச் சத்திரம். ஆகவே பரணில் ஏற்றிவிட்டுப் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். மாதம் ஒரு முறையாவது திறந்து, துடைத்து, முடிந்தால் யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் பிளாஸ்டிக் கிளாரினெட்டே போதும். மரம் அல்லாததால் விரியாது. மழைக்காலப் பயிற்சிக்கும் ஈடுகொடுக்கும். ஆனால் பேடும் ஸ்பிரிங்கும் சீவாளியும் அதிலும் உண்டு. துடைக்கிற வேலை அதற்கும் உண்டு.

யார் வேலை?

இவ்வளவும் படித்துவிட்டு, “சரி, பையன் வாசித்து முடித்ததும் நான் துடைத்துவைக்கிறேன்” என்று தீர்மானித்திருப்பீர்கள். எனக்குத் தெரியும்! டிபன் டப்பா, சீருடை, பூட்ஸ், அதோடு இது ஒன்று. தயவுசெய்து வேண்டாம். துடைப்பதும் வாசிப்பில் ஒரு பகுதி. ஈரம் எங்கே தங்குகிறது, எந்தக் கீ தளர்ந்திருக்கிறது என்று துடைக்கிறவன் விரலுக்குத்தான் தெரியும். நீங்கள் துடைத்தால் வாத்தியம் சுத்தமாக இருக்கும். பிள்ளை துடைத்தால் வாத்தியம் அவனுடையதாகும். முதல் ஒரு மாதம் பக்கத்தில் நின்று பாருங்கள், அது போதும்.

இந்த விதிக்கு விலக்காக இருந்தவள் நான். ஆனால் அது தண்டனை அல்லவா! சென்னையில் பழுது பார்ப்பவர் ஒருவர் விரிசலை ஒட்டி, குறுக்கே சின்ன ஊசிகள் போட்டு இறுக்கிக் கொடுத்தார். ஸ்பிரிங்கும் பேடும் ஊதுமுனையும் புதிதாக வந்தன. செலவு தாத்தாவின் பல மாத வருமானம். அதற்குப் பிறகு அவர் வாசிக்கிற காலம் வரைக்கும், எப்போது உப்பளத்தில் இருந்தாலும், துடைக்கிற வேலை என்னுடையது. ராத்திரி எந்நேரம் வந்தாலும் எழுப்புவார். “பாப்பா, எழுந்திரு” என்று குரல் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பேன். விரிசல் இருந்த இடத்துக்கு வரும்போது விரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பேன். அவர் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பார்.

தாத்தா காலமான அன்று பாண்டு வந்தது. அவரிடம் கற்றுக்கொண்ட இளைஞர் ஒருவர், தம் கிளாரினெட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, தாத்தாவுடையதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதே தெரு, அதே கல்லறை, அதே வரிசை. இந்த முறை அந்த இடம் ஊமையாக இல்லை.

அடக்கம் முடிந்து வாத்தியத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். வீடு நிறைய ஜனம். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் பின்கட்டுக்குப் போய்க் கைக்குட்டையை எடுத்தேன்.

அது கண்ணைத் துடைத்துக்கொள்ள என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்.